ஓபரா ஒரு பிழையில் பிறந்ததா?

கேள்வி இது: "பழைய கிரேக்க நாடகங்கள் தொடக்கம் முதல் முடிவு வரை பாடப்பட்டவை என்று தவறாக நினைத்துக்கொண்ட ஃப்ளாரன்ஸ் அறிஞர்கள் சிலர், அதை மீட்டெடுக்கப் போய்த் தற்செயலாக ஓபராவைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று படித்தேன். உண்மையா? உண்மை என்றால் முதல் ஓபரா எது?" இரண்டு கேள்விகளாகத் தோன்றினாலும் நீங்கள் கேட்பது ஒன்றுதான். ஓபரா, அதாவது வசனமும் பாட்டாகவே வரும் நாடகம், இப்படி ஒரு கலை வடிவம் ஓர் அறையில், ஒரு சிறு கூட்டத்தின் மூளையில் பிறந்துவிட முடியுமா? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கதையில் பாதி உண்மை. அந்தப் பாதியும் ஒரு பாடும் முறை பிறந்த கதையே தவிர, ஓபரா பிறந்த கதை அல்ல. இன்று டிக்கெட் வாங்கி உள்ளே போய் உட்கார்ந்து பார்க்கிறோமே, அந்த ஓபரா உருவானது நாற்பது ஆண்டுகள் கழித்து, வேறொரு ஊரில், முக்கியமாகப் பணக் காரணங்களால்.

நான் கிரேக்கம் படித்தவன் அல்லன். பாடகர்களுக்கு ஹார்ப்சிகார்டு என்ற பழைய விசைப்பலகை வாத்தியத்தில் துணை வாசித்தே வயதைக் கழித்தவன். அதனால் கீழே இசை பற்றிச் சொல்வதை என் விரல்கள் அறிந்ததாகவும், கிரேக்கம் பற்றிச் சொல்வதை மற்ற அறிஞர்களிடம் கற்றதாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த அறிஞர் கூட்டம். 1570களிலும் 80களிலும் ஃப்ளாரன்ஸில் ஜொவான்னி தே பார்தி என்ற பிரபுவின் வீட்டில் இசைக்காரர்களும் கவிஞர்களும் கூடிப் பேசியது உண்மை. அந்தக் கூட்டத்தின் முக்கியமான மூளை வின்சென்ஸோ கலிலெய். தொலைநோக்கி கலிலியோவின் அப்பா, லூட் என்ற தந்தி வாத்தியம் வாசித்தவர். அவருக்குக் கிரேக்க இசை பற்றிப் பாடம் நடத்தியவர் ரோமில் இருந்த ஜிரோலமோ மெய் என்ற பண்டிதர். பாடம் எல்லாம் கடிதத்தில்தான். மெய்யின் வாதம் சுருக்கமாக இதுதான்: பழங்காலத்து இசை கேட்டவர்களை அழவும் கொதிக்கவும் வைத்ததாகப் படிக்கிறோம், நம் இசை அப்படிச் செய்வதில்லை, காரணம், நாம் நான்கைந்து குரல்களை நான்கைந்து வழியில் ஒரே நேரத்தில் ஓடவிடுகிறோம், ஒரு குரல் ஏறுகையில் இன்னொன்று இறங்கினால் சோகம் எங்கே நிற்கும்? கிரேக்கர்கள் ஒரே மெட்டைத்தான் பாடினார்கள். இதையெல்லாம் சேர்த்து, வாதக் காரமும் சேர்த்து, கலிலெய் 1581இல் ஒரு உரையாடல் நூல் வெளியிட்டார். அதில் பழைய கிரேக்கத் துதிப்பாடல்கள் சிலவற்றை இசைக்குறிகளோடு அச்சிட்டார். ஆனால் தம் காலத்தவர் பாடக்கூடிய எழுத்துக்கு அவற்றை மாற்றித் தரவில்லை. எஸ்கிலஸ், சோஃபக்ளீஸ் ஆகிய கிரேக்க நாடகாசிரியர்களின் நாடக இசை ஒரு வரிகூட அன்று அவர்களிடம் இல்லை. மற்றொரு நாடகாசிரியர் யூரிப்பிடீஸின் ஒரு நாடகத்து இசைத் துணுக்கு எகிப்தியப் பாப்பிரஸ் தாள் ஒன்றிலிருந்து வெளிச்சத்துக்கு வந்ததே 1892இல்தான்.

மெய் உண்மையிலேயே கிரேக்கத் துன்பியல் நாடகம் முழுவதும் பாடப்பட்டது என்று நம்பினார். இன்றைய அறிஞர்களின் முடிவு வேறு: குழுப் பாடல்களும் நடிகர்களின் உணர்ச்சிமிக்க சில பகுதிகளும் பாடப்பட்டன, சாதாரண உரையாடல் பேசப்பட்டது. ஆகவே பிழை நடந்தது உண்மை. ஆனால் அது அந்தக் காலத்து இத்தாலிக்கே பொதுவான பிழை அல்ல. 1585 மார்ச்சில் வீச்சென்ஸா நகரில், கட்டடக் கலைஞர் பல்லாடியோ வரைந்த ஒலிம்பிக்கோ அரங்கைத் திறந்துவைக்க, சோஃபக்ளீஸின் ஈடிப்பஸ் நாடகத்தை இத்தாலியில் மொழிபெயர்த்து ஆடினார்கள். வசனத்தைப் பேசினார்கள், குழுப் பாடல்களுக்கு மட்டும் ஆந்த்ரேயா கப்ரியேலி இசையமைத்தார். இன்றைய அறிவின்படி இவர்கள்தான் கிரேக்கத்துக்கு நெருங்கி நின்றவர்கள். அதிலிருந்து ஓபரா எதுவும் முளைக்கவில்லை.

இன்னொரு செய்தியை அந்தத் "தற்செயல் பிழை" கதையைச் சொல்பவர்கள் சொல்வதே இல்லை. பார்தியின் வீட்டுக் கூட்டத்துக்கும் முதல் ஓபராவுக்கும் நேரடி உறவு மெலிது. கலிலெய் 1591இல் இறந்துவிட்டார். மறு வருடம் பார்தி ரோமுக்குப் போய்விட்டார். முதல் ஓபராவுக்குப் பணம் போட்டவர் யாக்கொப்போ கோர்சி என்ற இளம் செல்வந்தர். எழுதியவர் ஒத்தாவியோ ரினுச்சினி. இசையமைத்தவர் யாக்கொப்போ பெரி. பெரி பாடகர். நீண்ட பொன்னிறக் கூந்தலுக்காக ஊரே அவரைச் "சட்ஸெரீனோ" என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டது. இவர் தாம் செய்ததைப் பற்றி அச்சில் எழுதி வைத்திருக்கிறார். பழங்காலத்தவர் நாடகம் முழுவதையும் பாடினார்கள் என்பது "பலருடைய கருத்து" என்கிறார். பிறகு, தாம் செய்திருப்பதுதான் கிரேக்கரும் ரோமரும் பாடிய முறை என்று சொல்லத் தமக்குத் துணிவில்லை, நம் மொழிக்குப் பொருந்த நம் இசையால் கொடுக்கக்கூடியது இது ஒன்றே என்று கருதினேன் என்கிறார். இப்படிப் பேசுகிறவரை ஏமாந்துபோனவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, கிரேக்கத்தில் இருந்து வரவில்லை என்றால் வேறு எங்கிருந்து வந்தது? மேடையில் இருந்து. 1589இல், ஃப்ளாரன்ஸை ஆண்ட மெடிச்சி குடும்பத்தின் ஃபெர்தினாந்தோவுக்குத் திருமணம். பெண், லொரேய்ன் நாட்டு கிறிஸ்தீன். விருந்தினருக்காக ஒரு வசன நாடகம் போட்டார்கள். அந்த நாடகத்தைப் பற்றி இன்று யாரும் பேசுவதில்லை; அதன் அங்கங்களுக்கு இடையிடையே வந்த ஆறு இசைக் காட்சிகளைப் பற்றித்தான் பேசுகிறார்கள். மேகங்கள் இறங்கின, தேவர்கள் பாடினார்கள், கடல் வந்தது. மேடை இயந்திரங்கள் பெர்னார்தோ புவோன்தலென்தி கைவண்ணம். கருப்பொருளை வகுத்தவர் பார்தி. மூன்றாம் காட்சியில் கிரேக்க தேவரான அப்போலோ பைத்தான் என்ற பாம்பைக் கொல்கிறார். வரிகள் ரினுச்சினி எழுதியவை. ஐந்தாம் காட்சியில் நடுக்கடலில் அரியோன் என்ற பழங்கதைப் பாடகனாக நின்று, எதிரொலியோடு பாடியவர் பெரி. சுமார் ஒன்பது ஆண்டுகள் கழித்து இதே ரினுச்சினியும் இதே பெரியும் "டாஃப்னே" என்ற முழுநீள இசை நாடகத்தை உருவாக்கியபோது அது எப்படித் தொடங்கியது தெரியுமா? அப்போலோ பைத்தானைக் கொல்வதில். தையல்காரர் மிச்சத் துணியில் புதுச்சட்டை தைத்ததுபோல. அப்பாவி மேய்ப்பர்கள், வனதேவதைகள், காதல் ஏக்கம் எல்லாம் கவிஞர்கள் தாஸ்ஸோவும் குவாரினியும் பரப்பிவிட்ட முல்லைநில நாடகங்களில் இருந்து வந்தவை. கவனியுங்கள்: கிரேக்கத் துன்பியலை மீட்கப் போனதாகச் சொல்லப்படும் இவர்களில் யாரும் ஈடிப்பஸையோ மெடியாவையோ எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த "டாஃப்னே"தான் நேரடிக் கேள்விக்கு நேரடிப் பதில்: நமக்குத் தெரிந்த முதல் ஓபரா. கோர்சி வீட்டில் கார்னிவல் என்ற, நோன்புக்கு முந்தைய கொண்டாட்ட நாட்களில் அரங்கேறியது. சில நூல்களில் 1597 என்றும் சிலவற்றில் 1598 என்றும் இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஃப்ளாரன்ஸில் புத்தாண்டு மார்ச் 25இல் பிறந்தது. அவர்கள் கணக்கில் 1597இன் கடைசி வாரங்கள் நம் கணக்கில் 1598. இசையில் ஆறு துண்டுகள் தவிர மீதி தொலைந்துவிட்டது. அவற்றுள் இரண்டு பணம் போட்ட கோர்சியே அமைத்தவை. முழு இசையும் கையில் இருப்பவற்றுள் மூத்தது "யூரிடிச்சே", 1600 அக்டோபர் 6, பித்தி அரண்மனை. மறுபடியும் ஒரு கல்யாணம்: மரியா தே மெடிச்சிக்கும் பிரெஞ்சு மன்னர் நான்காம் ஹென்றிக்கும். மாப்பிள்ளை வரவில்லை, அவருக்காக வேறொருவர் நின்று திருமணம் நடந்தது. ரினுச்சினியின் பாடல் வரிகளில் முன்னுரை பாட வருபவள் "துன்பியல்" என்ற பெண்ணேதான். இனி நான் இரத்தமும் கண்ணீரும் பாடப்போவதில்லை என்று அறிவித்துவிட்டுத்தான் தொடங்குகிறாள். கல்யாண வீட்டில் வேறென்ன சொல்வாள்? கதையில், பாட்டுக்குப் பேர்போன ஓர்ஃபேயோ இறந்துபோன மனைவி யூரிடிச்சேயைப் பாதாளத்தில் இருந்து, திரும்பிப் பார்க்காதே என்ற பழைய நிபந்தனை எதுவும் இன்றி மீட்டு வந்துவிடுகிறான்.

அந்த மாலையின் அடிதடி எனக்குப் பிடித்த பகுதி. பெரியே ஓர்ஃபேயோவாகப் பாடினார். கோர்சி திரைக்குப் பின்னால் ஹார்ப்சிகார்டு வாசித்தார். கூடவே பெருலூட்டு வகை வாத்தியங்கள். ஆனால் பாடகர்களில் சிலர் ஜூலியோ கச்சினி என்ற போட்டிக்காரரின் மாணவர்கள். என் பிள்ளைகள் என் இசையைத்தான் பாடுவார்கள் என்று அவர் பிடித்த பிடியில், யூரிடிச்சேயின் பகுதியும் சில மேய்ப்பர் பகுதிகளும் சில குழுப் பாடல்களும் கச்சினியின் மெட்டில் பாடப்பட்டன. அதோடு விட்டாரா? அதே வரிகள் முழுவதற்கும் தானே இசையமைத்து, பெரியின் நூல் அச்சில் வருவதற்குச் சில வாரங்கள் முன்பே தன் நூலை அச்சிட்டு வெளியிட்டார். அதை யாருக்குக் காணிக்கை செய்தார்? ரோமில் இருந்த பழைய பிரபு பார்திக்கு. உங்கள் "கமெராத்தா"வில்தான், அதாவது உங்கள் வீட்டுக் கூட்டத்தில்தான், இதெல்லாம் பேசினோம் என்று அதில் எழுதினார். ஃப்ளாரன்ஸ் கமெராத்தா என்று பாடநூல்கள் போற்றும் பெயர் அச்சில் முக்கியத்துவம் பெற்றது இந்த உரிமைச் சண்டையில். இதற்கெல்லாம் முன்பு, 1600 பிப்ரவரியிலேயே, எமிலியோ தே கவாலியேரி என்பவர் ரோமில் ஆன்மாவும் உடலும் வாதிடும் ஒரு பக்தி நாடகத்தை முழுக்கப் பாடவைத்திருந்தார். மேடையில் இந்த வகை இசையை நமக்கு முதலில் கேட்கவைத்தவர் கவாலியேரி என்று பெரியே பெருந்தன்மையோடு ஒப்புக்கொள்கிறார். கச்சினியிடம் அந்தப் பெருந்தன்மையை எதிர்பார்க்க வேண்டாம்.

இனி, உண்மையில் புதிதாக வந்தது எது? ரெசிட்டேட்டிவ் எனப்படும் பேச்சுப்பாட்டு. தாளக்கட்டு இல்லாமல் பாடுவது என்றால் நமக்கு உடனே விருத்தம் நினைவுக்கு வரும்; அந்த ஒப்புமையை நான் தள்ளியே வைப்பேன். விருத்தத்தில் சொல் ஒதுங்கி நின்று ராகத்துக்கு இடம் விடும். பெரியின் முறையில் சொல் முடிந்தால் இசையும் முடிந்தது. அவர் கண்டறிந்தது நுட்பமான விஷயம்: நாம் பேசும்போது சில அசைகள் ஒரு சுருதியில் ஊன்றி நிற்கின்றன, மற்றவை அவற்றுக்கிடையே வழுக்கிப் போகின்றன. ஊன்றும் அசைக்கு மட்டும் கீழே அடிநாதம் ஒன்றை வைத்தார். அடுத்த ஊன்றல் வரும்வரை அதை அசைக்காமல் பிடித்தார். இடையில் குரல் அந்த நாதத்தோடு உரசினாலும் கவலை இல்லை. வாசிக்கும் எனக்கு முன்னால் இருக்கும் தாளில் அந்த ஒற்றை வரிசை அடிநாதமும் அங்கங்கே ஓர் எண்ணும் மட்டுமே இருக்கும். மேலே என்ன கோர்வை, எவ்வளவு அடர்த்தி, எப்போது கையை எடுப்பது எல்லாம் என் பொறுப்பு. தொடக்கத்தில் நான் வெறுமையைக் கண்டு பயந்து இட்டு நிரப்புவேன். ஒரு பாடகி ஒத்திகையை நிறுத்திவிட்டு, "நான் இன்னும் மூச்சு விடவில்லை, நீங்கள் அதற்குள் பதில் சொல்லிவிட்டீர்கள்" என்றார். இந்த இசையைப் பற்றி நான் கற்ற மிகப் பெரிய பாடம் அதுதான்.

ஆனாலும் பெரியின் "யூரிடிச்சே"யை முழுதாக உட்கார்ந்து கேட்டால் அலுப்புத் தட்டும். இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை. கண்டுபிடிப்பு பெரியுடையது, அதை நாடகம் ஆக்கியவர் கிளாவ்தியோ மொன்டெவெர்டி. 1607 பிப்ரவரி 24, மாந்துவா நகரம். இளவரசர் ஃப்ரான்செஸ்கோ கொன்ஸாகா ஆதரவில் இன்வகீத்தி என்ற கழகத்தாருக்காக "ஓர்ஃபேயோ" அரங்கேறியது. முதல் நாள் ஓர் அரண்மனை அலுவலர் தம் சகோதரருக்கு எழுதிய கடிதத்தில், நாளை நடக்கும் நாடகத்தில் நடிகர்கள் எல்லாரும் பாட்டிலேயே பேசுவார்களாம் என்று வியக்கிறார். அரண்மனையில் எந்த அறையில் நடந்தது என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். இடம் குறுகலானது என்பது மட்டும் மொன்டெவெர்டியே சொன்னது. அந்தக் குறுகிய இடத்துக்கு அவர் கேட்ட வாத்தியங்களோ நாற்பதைத் தொடும். அச்சான நூலின் முகப்பில் உள்ள வாத்தியப் பட்டியலும் உள்ளே கேட்கப்படும் வாத்தியங்களும் ஒத்துப்போவதில்லை. முடிவுகூட இரண்டு: அரங்கேற்றத்துக்கு அச்சிட்ட பாடல் புத்தகத்தில் வெறிகொண்ட பெண்கள் ஓர்ஃபேயோவைத் துரத்துகிறார்கள், 1609இல் வந்த இசை நூலில் அப்போலோ இறங்கிவந்து அவனை வானத்துக்கு அழைத்துப் போகிறார். ஏன் மாற்றினார்கள் என்பதற்கு ஊகங்கள் உண்டு, ஆதாரம் இல்லை.

இரண்டாம் அங்கத்தில் ஓர் இடத்தைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். கல்யாண மகிழ்ச்சி. ஓர்ஃபேயோ துள்ளல் தாளத்தில் பாடி முடித்திருக்கிறான், மேய்ப்பன் ஒருவன் கூடச் சேர்ந்து பூரிக்கிறான். திடீரென்று ஒரு பெண் வருகிறாள். துணை வாத்தியம் மரக்குழல் ஆர்கனும் ஒரு கித்தரோனே என்ற பெருலூட்டும் மட்டும் என்று நூலில் குறிப்பு. மற்றவர்கள் இன்னும் பழைய நினைப்பில் இருக்கிறார்கள். உன் அழகிய யூரிடிச்சே என்று அவள் தொடங்குகிறாள். அவள் நிற்பது ஈ மேஜர் என்ற சுருதிக் கட்டில். "ஐயோ, என்ன கேட்கிறேன்" என்று அவன் குறுக்கிடுகிறான். அவன் நிற்பது ஜி மைனரில். இரண்டும் பக்கத்து வீடுகள் அல்ல, ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காத வீடுகள். அவள் அவனைச் சமாதானப்படுத்தவும் இல்லை, அவன் சுருதிக்குப் போகவும் இல்லை. திரும்பத் தன் இடத்துக்கே வந்து, உன் மனைவி இறந்துவிட்டாள் என்று முடிக்கிறாள். அவன் மீண்டும் ஒரே ஒரு "ஐயோ". அதற்குப் பின் நெடுநேரம் அவன் வாய் திறப்பதில்லை. அவள் நடந்ததைச் சொல்லிக்கொண்டே போகிறாள். உலகத்தையே பாட்டால் உருக்கியவன் என்று பெயரெடுத்தவனுக்குப் பாட்டு வரவில்லை. ஒவ்வொரு முறை வாசிக்கும்போதும் அந்த ஜி மைனரை அழுத்தும் என் விரல்கள் ஒரு கணம் தயங்கும்.

அடுத்த வருடம் "அரியான்னா" வந்தது. தலைவியாகப் பாட இருந்த இளம் பாடகி அம்மையில் இறந்துபோக, வந்திருந்த நாடகக் குழுவின் நடிகை ஒருவர் அந்தப் பாத்திரத்தை ஏற்றார். கைவிடப்பட்டவளின் புலம்பல் ஒன்றைத் தவிர அதன் இசை முழுவதும் போய்விட்டது. ரோமில் பர்பெரீனி குடும்பத்தின் ஆதரவில் புனிதர் கதைகள் ஓபராவாயின. அவற்றுக்கு வரிகள் எழுதிய ஜூலியோ ரொஸ்பில்யோசி பிற்பாடு போப்பாண்டவரே ஆனார். ஃப்ளாரன்ஸில் 1625இல், சண்டைக்கார கச்சினியின் மகள் ஃப்ரான்செஸ்கா ஒரு இசை நாடகம் அமைத்தார். ஒரு பெண் இசையமைத்து நம் கைக்குக் கிடைத்த முதல் ஓபரா அது. இவை எல்லாவற்றுக்கும் ஒரு பொது இயல்பு: பிரபு பணம் கொடுப்பார், ஓரிரு நாள் நடக்கும், விருந்தினர் பார்ப்பார்கள், முடிந்தது. இந்த நிலையிலேயே இருந்திருந்தால் ஓபரா கல்யாண வாணவேடிக்கையோடு வாணவேடிக்கையாக மறக்கப்பட்டிருக்கும் என்பது என் எண்ணம்.

வெனிஸில் அரசர் இல்லை. பணக்காரக் குடும்பங்கள் இருந்தன. கார்னிவலுக்கு ஊர் ஊராக வரும் கூட்டம் இருந்தது. அந்தக் குடும்பங்களுக்குச் சொந்தமான நாடகக் கொட்டகைகள் இருந்தன. 1637இல் த்ரோன் குடும்பத்தின் சான் கஸ்ஸியானோ அரங்கில் "ஆந்த்ரோமெதா" நடந்தது. வரிகள் பெனெதெத்தோ ஃபெர்ராரி, இசை ஃப்ரான்செஸ்கோ மனெல்லி. இசை கிடைக்கவில்லை. ஆனால் அன்று வாசலில் காசு கொடுத்தவர் யாராக இருந்தாலும் உள்ளே போகலாம் என்றானது. மாடி அறைகளை வசதியுள்ளவர்கள் பருவ வாடகைக்கு எடுத்தார்கள். அந்த வாடகைதான் நிச்சய வருமானம். நான்கைந்து ஆண்டுகளில் நான்கு அரங்குகள் போட்டி போட்டன.

வியாபாரம் உள்ளே வந்ததும் இசையின் உடம்பு மாறியது. நாற்பது வாத்தியங்கள் போய் ஒரு கைப்பிடித் தந்தி வாத்தியங்களும் ஹார்ப்சிகார்டும் பெருலூட்டும் நின்றன. குழுப்பாடல் ஏறக்குறைய மறைந்தது. இதற்குச் சம்பளச் செலவு மட்டுமே காரணமா, ரசனையும் மாறியதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இரண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். மிச்சப்பட்ட பணம் பாடகர்களுக்கும் காட்சி இயந்திரங்களுக்கும் போனது. 1641இல் நொவிஸ்ஸிமோ அரங்கில் பைத்தியமாக நடிக்கும் பெண்ணாக ஆன்னா ரென்ஸி பாடி ஊரையே கட்டிப்போட்டார். ஓபராவின் முதல் நட்சத்திரம் என்று அவரைச் சொல்லலாம். அங்கே ஜாக்கொமோ தொரெல்லி அமைத்த எடைக்கட்டு முறையில் மேடையின் பக்கத் தட்டிகள் அனைத்தும் ஒரே இழுப்பில் மாறின. 1645இல் வந்த ஆங்கிலப் பயணி ஜான் ஈவ்லின், தாம் பார்த்த ஓபராவில் காட்சி பதின்மூன்று முறை மாறியதாக நாட்குறிப்பில் எண்ணி எழுதியிருக்கிறார். இசையமைப்பாளர் பெயரை விட இது அவருக்கு முக்கியம். பேச்சுப்பாட்டு நடுவே, மனத்தில் நிற்கும்படியான தனி மெட்டுப் பாடல்கள் பெருகிக்கொண்டே போயின. பெரி பார்த்திருந்தால் முகம் சுளித்திருப்பார்.

மொன்டெவெர்டி 1613 முதலே வெனிஸில், சான் மார்க்கோ தேவாலயத்தின் இசைத் தலைவர். இந்தப் புதுக் கொட்டகைகள் திறந்தபோது எழுபதை நெருங்கிய பாதிரியார். 1640இல் "அரியான்னா"வைத் தூசி தட்டிக் கொடுத்தார், "உலிஸ்ஸே தாயகம் திரும்பியது" என்பதைப் புதிதாக எழுதினார், 1643 கார்னிவலில் "பொப்பேயா"வின் முடிசூட்டு விழா மேடையேறியது; அந்த ஆண்டு இறுதியில் இறந்தார். இந்தப் பொப்பேயாவில் பழைய தேவர் கதை இல்லை, மேய்ப்பர் இல்லை. ரோமானிய மன்னன் நீரோ மனைவியைத் துரத்திவிட்டு, அறிவுரை சொன்ன தத்துவஞானி செனெக்காவைச் சாகச் சொல்லிவிட்டு, ஆசைநாயகியை அரசி ஆக்குகிறான். வரிகள் எழுதிய புசெனெல்லோ தொழிலால் வக்கீல். துரத்தப்படும் அரசி ஒத்தாவியாவாகப் பாடியவர் அதே ஆன்னா ரென்ஸி.

இங்கேதான் நான் மிகவும் கவனமாகப் பேச வேண்டும். "பொப்பேயா"வின் இசை இரண்டு கையெழுத்துப் பிரதிகளில் உள்ளது, ஒன்று வெனிஸில், ஒன்று நேப்பிள்ஸில். இரண்டும் மொன்டெவெர்டி இறந்த பிறகு எழுதப்பட்டவை. ஒன்றோடொன்று முழுக்க ஒத்துப்போவதில்லை. சுற்றும் நாடகக் குழுக்கள் ஊருக்கு ஊர் வெட்டியும் ஒட்டியும் பாடியதே காரணம். நீரோவும் பொப்பேயாவும் இறுதியில் பாடும் "புர் தி மீரோ" என்ற இணைப்பாடல் உலகப் புகழ் பெற்றது. அதன் வரிகள் 1641இல் ஃபெர்ராரியின் வேறொரு ஓபராவின் பாடல் புத்தகத்தில் இருக்கின்றன. மெட்டு ஃபெர்ராரியுடையதா, பிரான்செஸ்கோ சக்ராத்தியுடையதா, வேறு யாருடையதா என்று முடிவாகவில்லை. மொன்டெவெர்டியுடையது அல்ல என்ற பக்கமே ஆய்வாளர்களில் பெரும்பாலோர் சாய்கிறார்கள். அந்தப் பாடலுக்கு நான் பலமுறை துணை வாசித்திருக்கிறேன். நான்கு சுரங்கள் இறங்கித் திரும்பத் திரும்ப வரும் அடிநாதம், அதன் மேல் இரண்டு குரல்கள் பின்னிக்கொண்டே போகும். கையெழுத்து யாருடையது என்று விரல்களுக்குத் தெரிந்துவிடும் என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

கேட்டுப் பார்க்கும் எண்ணம் இருந்தால் "ஓர்ஃபேயோ"வின் இரண்டாம் அங்கத்தில் தொடங்குங்கள். வரிகளின் பொருளை முதலில் வாசித்துவிடுங்கள். அரை மணி நேரம்கூட ஆகாது. பெரியை அதற்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம், முழுதாக வேண்டாம். யூரிடிச்சே இறந்த செய்தியை அவரும் ஒரு பெண்ணின் வாயில் வைத்துச் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு பகுதியை மட்டும் இதன் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள்.